பெற்றவளைப் பார்க்க வந்தவர்

கைக்குழந்தையை யார் நீட்டினாலும் அவர் வாங்க மாட்டார். அவரைப் பற்றி நாங்கள் எல்லாரும் முதலில் கவனித்தது அதைத்தான். எங்கள் பக்கத்தில் பிள்ளையோடு ஒருத்தி பஸ்ஸில் ஏறினால் சீட்டில் இருப்பவர் தானாகக் கையை நீட்டுவார். பிள்ளையும் பழகிய இடம்போல அந்த மடிக்குப் போய்விடும். இவரிடம் நீட்டினால், கறுப்புக் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "உங்கள்ட்டயே இருக்கட்டும்" என்பார். முகத்தில் சிரிப்பு இருக்கும். கை மட்டும் வராது.

என் மகளுக்கு இரண்டாவது தடுப்பூசி போடப் போன புதன்கிழமைதான் அவரைப் பார்த்தேன். ஊசி போட்டதும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லி, நர்ஸ் சுகாதார நிலையத்தின் பின்னறைக்கு அனுப்பினார். அங்கே பாய் விரித்துச் சில பெண்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி சும்மா கிடந்தது. அதில் உட்கார வேண்டியவர் எங்களோடு பாயில் இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். இழுத்துக் கட்டிய கொண்டை, கஞ்சி போட்ட காட்டன் சேலை, கண்ணாடி.

நான் உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த பெண் என் மகளின் கன்னத்தைத் தொட்டு, யார் ஜாடை என்று கேட்டாள். எடை எவ்வளவு, பால் பற்றுகிறதா, இரவில் அழுகிறாளா என்று ஆளுக்கொரு கேள்வி. எல்லாம் மகளைப் பற்றித்தான். கேள்விகள் ஓய்ந்த பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"வாசல்ல நீங்க கழட்டிப் போட்டது ரெண்டும் வேற வேற செருப்பு. நல்லாத் தூங்கி எம்புட்டு நாளாச்சு?"

எட்டிப் பார்த்தேன். ஒன்று என்னுடையது, மற்றது என் கணவருடையது. மானகிரியில் பஸ் ஏறி, இறங்கி, வெயிலில் நடந்து வந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. யாராவது சிரித்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். யாரும் சிரிக்காததால் அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மன்னிச்சுக்கங்க என்றேன். "இருக்கட்டும்" என்றார். அழாதீர்கள் என்றோ, பெற்ற உடம்பு அழக் கூடாது என்றோ சொல்லவில்லை. நான் முடிக்கும்வரை அப்படியே இருந்தார்.

என் நிலைமையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தலைப்பிள்ளைக்குத் தாய் வீட்டுக்குப் போவது வழக்கம். எனக்குத் தாய் இல்லை. மானாமதுரைப் பக்கம் அப்பாவும் தம்பியும் மட்டும் இருந்த வீட்டில் யார் எனக்கு வெந்நீர் போடுவார்கள்? அதனால் மாமியார்தான் கல்லல் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து பார்த்தார். நன்றாகவே பார்த்தார். ஆனால் அங்கே வயலும் மாடும் அவரை நம்பி இருந்தன. இரண்டாவது மாதம் முடியும் முன்னே கிளம்பிவிட்டார். என் கணவருக்குக் காரைக்குடியில் கட்டடச் சாமான் கடை ஒன்றில் வேலை. காலையில் டிபன்பாக்ஸோடு போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். மானகிரியில் நாங்கள் இருந்த தெருவில் மத்தியானம் ஒரு ஆள் நடமாட்டம் இருக்காது. பக்கத்து வீட்டு டிவி சத்தம் சுவரைத் தாண்டி வரும். அதில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சத்தமும் நின்றுவிட்டால் எனக்குப் பயமாக இருக்கும். என்ன பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிள்ளை தூங்கினால் மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். விழித்தால் ஏன் விழித்தாள் என்று இருக்கும். போனில் கூப்பிட்டவர்கள் எல்லாம் பாப்பா எப்படி இருக்கு என்றார்கள். நல்லா இருக்கு என்றேன். அது பொய்யில்லை. பாப்பா நன்றாகத்தான் இருந்தாள்.

அதற்குப் பிறகு புதன்கிழமைதோறும் போனேன். அவரைப் பற்றி எங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். மனநல ஆலோசனை படித்து வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் வெகுகாலம் இருந்தவர். இப்போது காரைக்குடியில் செக்காலைப் பக்கம் ஒரு மாடியறையில் தனியாகக் குடியிருந்தார். சுகாதார நிலையத்தில் கேட்டு, புதன்கிழமைகளில் மட்டும் அந்தப் பின்னறையை வாங்கியிருந்தார். அங்கே எங்களோடு உட்காருவதை நர்ஸ் தியான வகுப்பு என்பார். அவருக்கு அந்தச் சொல் ஆகாது. தியானம் என்றால் ஒருத்தி வீட்டில் சாமி வேறாக இருக்கும், இன்னொருத்தி வீட்டில் வேலையைப் போட்டுவிட்டு என்ன தியானம் என்பார்கள். "கவனிக்கிறதுன்னு சொல்லுங்க, போதும்" என்பார். நாங்கள் எங்களுக்குள் மூச்சக்கா என்று பெயர் வைத்துக்கொண்டோம். அது அவருக்கும் தெரியும்.

அவர் செய்யச் சொன்னது ஒன்றும் பெரிய காரியமில்லை. கண்ணை மூடச் சொல்ல மாட்டார். "பிள்ளையை மடியில வச்சிருக்கவுக கண்ணை எப்படி மூடுவீக. தெறந்தே இருங்க. கால் தரையில படுது பாருங்க, அது சூடா இருக்கா, சில்லுன்னு இருக்கா?" அவ்வளவுதான். பிறகு மூச்சு. உள்ளே போவதை மாற்றவும் வேண்டாம், எண்ணவும் வேண்டாம், போகிறது என்று தெரிந்தால் போதும். நடுவில் பிள்ளை அழுதால் அதையும் கேட்க வேண்டும். பால் கொடுத்தால் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். ஒருமுறை, பால் கொடுக்கும்போது உங்கள் தோள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள் என்றார். பார்த்தோம். எல்லாருடைய தோளும் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. இறக்கிவிட்டுக்கொண்டோம். ஒரு நிமிடத்தில் மறுபடி ஏறியிருந்தது. "ஏறட்டும். ஏறிருச்சுன்னு தெரிஞ்சா போதும்" என்றார்.

மனதில் ஒரு நினைப்பு வந்தால் அதற்கு ஒரு பெயர் வைக்கச் சொல்வார். வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இது பயம். இது கோபம். இது தூக்கம் கெட்டது. ஒரு நாள் பாண்டியம்மா என்று ஒரு பெண், வயல்வேலை பார்க்கிறவள், இரண்டாவது பிள்ளைக்காரி, வெகுநேரம் யோசித்துவிட்டு, "இது என் மாமியா" என்றாள். அறையே சிரித்தது. அக்கா முதலில் சிரிக்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தாங்க முடியாமல் எங்களைவிட அதிகமாகச் சிரித்தார். அவர் சிரித்தால் தோள் குலுங்கும், சத்தம் வராது. அந்தச் சிரிப்பை நான் பார்த்தது குறைவு.

ஆறுதல் சொல்வது அவரிடம் கிடையாது. எல்லாம் சரியாகிவிடும் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. குறைமாதத்தில் பெற்ற ஒரு பெண், பிள்ளை இன்னும் தேறாத கவலையில் இருந்தவள், ஒரு நாள் கோபமாகவே கேட்டுவிட்டாள்: சரியாப் போயிரும்னு ஒரு வார்த்தை சொன்னா உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது? அவர் அவளை நேராகப் பார்த்தார். "எனக்குத் தெரியாதே" என்றார். அந்தப் பெண் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. நகர்ந்து அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்கும் அந்த இரண்டு வார்த்தை எதனாலோ பிடித்துப் போனது. அதுவரை எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும்தான் ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் பிள்ளையைத் தூக்க மாட்டேன் என்கிறார் என்பது பற்றி எங்களுக்குள் பேச்சு இருந்தது. பெற்று இழந்தவர் என்றாள் ஒருத்தி. புருஷன் விட்டுவிட்டுப் போனதாக இன்னொருத்தி. பாண்டியம்மாவுக்கு மறைத்துப் பேச வராது. நேராகக் கேட்டுவிட்டாள். அவர் சொன்ன பதில் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"பிள்ளையைப் பாக்க ஊரே வரும். உங்களைப் பாக்கத்தான் நான் வாரேன். அது ஒண்ணு. இன்னொண்ணு, நான் பிள்ளை பெறாதவ. இன்னைக்கித் தூக்குறேன், நாளைக்கி அதுக்கு ஒரு காச்சல் வந்தா வீட்டுல என் பேரு வரும். அப்புறம் உங்களை இங்குட்டு விட மாட்டாக."

அதைச் சொல்லும்போது குரலில் வருத்தமும் இல்லை, வீம்பும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னார்.  எங்கள் வீடுகளில் அப்படித்தான் நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

பிறகு நான் போவதை நிறுத்திவிட்டேன். காரணம் என்று ஒன்றுமில்லை. புதன்கிழமை வரும், சேலை மாற்ற வேண்டும் என்று நினைப்பேன், அதற்குள் நேரம் போயிருக்கும். அடுத்த புதன்கிழமை நினைக்கவும் இல்லை. சமைக்கிறது குறைந்தது. கணவர் கேட்டால் தலைவலி என்பேன். அவர் மாத்திரை வாங்கி வருவார், ஓட்டலில் இட்லி வாங்கி வருவார். நல்ல மனிதர். ஆனால் என் முகத்தைப் பார்த்து ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற ஆள் இல்லை. நானும் சொல்லவில்லை. எனக்குள் வந்துகொண்டிருந்த நினைப்பு வெளியே சொல்லக்கூடியதாக இல்லை.

ஒரு மத்தியானம் வாசல் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. எழுந்திருக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாடை வீடு முழுக்க இருந்தது. மகள் பாயில் கிடந்து அழுதுகொண்டிருந்தாள், அழுது அழுது குரல் கம்மியிருந்தது. நான் கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பூட்டாத கதவைத் தள்ளிக்கொண்டு மூச்சக்கா உள்ளே வந்தார். நர்ஸிடம் தெருவைக் கேட்டு, டவுன் பஸ் பிடித்து வந்திருந்தார். கேஸை அணைத்தார். பிள்ளையைப் பார்த்தார். பிறகு அவளைத் தாண்டி வந்து என் பக்கத்தில், அதே தரையில் உட்கார்ந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்ன நெனப்பு வருது?" என்றார்.

"ஒண்ணுமில்லக்கா."

"இருக்கட்டும். ஒண்ணுமில்லாததையே சொல்லுங்க."

சொன்னேன். நான் ஒரு தாயே இல்லை என்பதில் ஆரம்பித்தது. நான் இல்லாவிட்டால் இவளுக்கு நல்லது என்று தோன்றுவதைச் சொன்னேன். பிறகு, இவளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்று தோன்றுவதைச் சொன்னேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அவர் அவசரப்படவில்லை. பெயர் வைக்கவும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, நேராகக் கேட்டார்.

"உசுரோட இருக்க வேணாம்னு தோணுதா?"

"தோணுது."

"பிள்ளையையும் ஏதாச்சும் செஞ்சிருவோம்னு பயமா இருக்கா?"

தலையை மட்டும் ஆட்டினேன். அந்தக் கேள்வியை ஒருவர் வாய்விட்டுக் கேட்பார், கேட்டுவிட்டு என்னை விட்டு நகராமல் இருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. 

அவர் எழுந்தார். கறுப்புப் பையைத் தரையில் வைத்தார். பாய்க்குப் போய் என் மகளைத் தூக்கினார்.

அவருக்குத் தூக்கத் தெரியவில்லை. விளிம்புவரை நிறைந்த பாத்திரத்தைக் கொண்டுபோகிறவர் மாதிரி உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் இன்னும் அதிகமாக அழுதாள். அவர் அவளைச் சமாதானப்படுத்தவும் முயலவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு என்னிடம் பேசினார்.

"தனம், நீங்க கெட்டவுக ஆயிரல. இது ஒரு நோவு. பிள்ளை பெத்தவுகளுக்கு வாரதுதான், மருந்து இருக்கு. இதுக்கு மூச்சைப் பாத்தா பத்தாது, டாக்டரைப் பாக்கணும். இன்னைக்கே பாக்கணும். நான் கூட வாரேன்."

என் போனை எடுத்து என் கணவரைக் கூப்பிட்டார். சுற்றி வளைக்காமல் சொன்னார். கணவர் கடையிலிருந்து வந்து சேரும்வரை பிள்ளையை அக்கா கீழே விடவில்லை. கை வலித்திருக்கும். தோளை மாற்றக்கூடத் தெரியாமல் நின்றார். ஆட்டோவிலும் அவர்தான் வைத்திருந்தார். காரைக்குடியில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். மருத்துவர் பொறுமையாகக் கேட்டார், தாய்ப்பால் கொடுப்பவருக்கு ஏற்ற மாத்திரை எழுதிக் கொடுத்தார், என்னைத் தனியாக விடக் கூடாது என்று கணவரிடம் கண்டிப்பாகச் சொன்னார். என் கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, எனக்குத் தெரியலையே, எனக்குத் தெரியலையே என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நடவு நேரம் என்று பாராமல் மாமியார் மறுநாள் வந்துவிட்டார். மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாருக்குப் பைத்தியம் என்று கேட்டார். நடந்ததை மகன் சொல்லச் சொல்ல, அவருக்கு ஒன்று மட்டும்தான் மனதில் நின்றது: பிள்ளை பெறாத ஒருத்தி வீட்டுக்குள் வந்து பிள்ளையைத் தூக்கியிருக்கிறாள். அந்த வாரமே என் மகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. சாதாரண வயிற்றுப்போக்குத்தான், மருந்து கொடுத்ததும் நின்றது. ஆனால் மாமியார் அதற்குள் புதன்கிழமை சுகாதார நிலையத்துக்குப் போய்விட்டார்.

நான் அங்கே இல்லை. பாண்டியம்மா போன் செய்து சொன்னதுதான். பின்னறை வாசலில் நின்று மாமியார் சத்தம் போட்டாராம். பெறாதவளுக்குப் பெற்றவளைப் பற்றி என்ன தெரியும், என் மருமகள் மனதைக் கெடுத்தாய், இப்போது பிள்ளை மேலும் கண் வைத்துவிட்டாய் என்றெல்லாம். தாய்மார்கள் பிள்ளைகளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா பாயிலிருந்து எழுந்து நின்று முழுவதையும் கேட்டாராம். முடிந்ததும், பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு என்று கேட்டாராம். பிறகு, "உங்க மருமக மாத்திரை சாப்பிடுறாகளா? என்னை என்ன வேணா சொல்லுங்க, அதை மட்டும் நிப்பாட்டிராதீக" என்றாராம்.

மாமியார் அன்று வீட்டுக்கு வந்து நேரே அடுப்படிக்குப் போனார். நான் சாப்பிட்டதும் ஒரு டம்ளர் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் விழுங்கும்வரை நின்றார். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவர் அதை மறந்ததில்லை.

அடுத்த புதன்கிழமை பின்னறையில் பாதிப் பேர் வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் இரண்டு பேர்தான் வந்தார்கள். கொஞ்ச நாள் போகட்டும், ஊர்வாய் அடங்கட்டும் என்று நர்ஸ் தன்மையாகத்தான் சொன்னாராம். அவரும் சரி என்றாராம். பிறகு அந்த அறையில் வேறு சாமான்களை அடுக்கிவிட்டார்கள்.

எனக்கு ஒரேயடியாகத் தெளியவில்லை. ஒரு நாள் குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று தெரிந்தது. இன்னொரு நாள் மகள் கையை ஆட்டிச் சிரித்தபோது நான் திரும்பச் சிரித்துவிட்டேன், சிரித்த பிறகுதான் கவனித்தேன். டாக்டரிடம் விடாமல் போனேன். மூச்சைப் பார்ப்பதையும் விடவில்லை. மாமியாரை வைத்துக்கொண்டு செய்யக் கூச்சமாக இருக்கும். துணி காயப் போடும்போது செய்வேன்.

மகள் உட்காரத் தொடங்கிய சமயம், ஒரு மத்தியானம் அவளைத் தூக்கிக்கொண்டு செக்காலைக்கு அக்காவைப் பார்க்கப் போனேன். கணவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டியதும் அவர் திறந்தார். வந்திருப்பது யார் என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் உள்ளே கூப்பிடத் தோன்றாமல் நின்றார். அந்த வீட்டுக்கு ஆள் வருவது பழக்கமில்லை என்று அந்த நிற்பிலேயே தெரிந்தது. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரே நாற்காலி. மேசையில் பாதி சாப்பிட்ட தயிர்சாதம். என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். தூக்கம் எப்படி, பசிக்கிறதா, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிறகு, என்னால் உங்கள் வேலை போயிற்றே என்றேன். பிள்ளையைத் தூக்காமல் இருந்திருக்கலாமே என்றேன்.

"அழுதுச்சுல. உங்களாலயும் முடியல. வேற என்ன செய்ய?" என்றார்.

அன்றைக்குத்தான் நானும் கேட்டேன், நாங்கள் எல்லாரும் பேசிக்கொண்டதை. இந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள், உங்களுக்கு ஏதாவது நடந்ததா என்று. அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"எல்லாரும் கேக்குறாக. எனக்கு ஒண்ணுமே நடக்கல தனம். கல்யாணம் பண்ணிக்கத் தோணல, பண்ணிக்கல. நெசத்தைச் சொன்னா சின்னப் பிள்ளைகன்னா எனக்கு அவ்வளவா ஆசையும் கிடையாது. கொஞ்சம் பயம்தான். அதைச் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாக. எதையாச்சும் பறிகொடுத்திருந்தாத்தான் நல்லாருக்கும்போல அவுகளுக்கு."

சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் தோளைக் குலுக்கிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தனியாக இருப்பது பழகிவிட்டதா என்று கேட்டேன்.

"பழகல. சாயங்காலம் சில நாள் கஷ்டமாத்தான் இருக்கும்."

அப்போது மூச்சைப் பார்ப்பீகளா என்றேன்.

"பாப்பேன். சில நாள் கேக்கும். சில நாள் கேக்காது. டிவியைப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன்."

கிளம்பும்போது படி இறங்கும்வரை மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துப் போங்க என்று மட்டும் சொன்னார். நான் மறுபடி வருகிறேன் என்றேன். போனில் அவ்வப்போது பேசினோம். மகள் நடக்கத் தொடங்கினாள், பிறகு பள்ளிக்கூடம், நானும் ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தேன். பேச்சு குறைந்தது. ஒரு முறை கூப்பிட்டபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.

போன வருடம் நான் மறுபடி உண்டானேன். சந்தோஷத்தைவிடப் பயம்தான் முதலில் வந்தது. அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. ஏழாம் மாதம் மாமியார் ஊரிலிருந்து வந்தார். இந்த முறை மாடுகளை விற்றுவிட்டு வந்திருந்தார், திரும்பப் போகிற எண்ணம் இல்லை என்றார். ஒரு நாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மடித்த துணியையே எடுத்து மறுபடி மடித்தார்.

"அந்தம்மா இப்ப எங்கிட்டு இருக்காக?" என்றார்.

யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. தெரியவில்லை அயித்தை என்றேன். போய்ப் பார்ப்போம் என்றார். மறுநாள் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். மாமியார் நல்ல சேலை கட்டியிருந்தார். ஒரு துணிப்பையில் தோட்டத்து வாழைப்பழமும் ஒரு டப்பா நெய்யும் கொண்டுவந்திருந்தார். வழியெல்லாம் பையை மடியிலேயே வைத்திருந்தார்.

செக்காலையில் அந்த மாடி பூட்டியிருந்தது. கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மா வெளியே வந்து, அவர் காலி செய்துவிட்டுப் போய் வெகுநாளாகிறது என்றார். திருச்சிப் பக்கம் ஏதோ ஆஸ்பத்திரி என்று ஞாபகம், விலாசம் இல்லை, சொந்தக்காரர் என்று யாரும் வந்ததும் இல்லை. எப்போதாவது போன் வந்தால் ஏதும் சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

  மாமியார் தெருவை ஒரு முறை பார்த்தார். மானகிரியிலிருந்து வந்துவிட்டுப் போனார்கள் என்று சொல்லுங்கள் என்றார். கொண்டுவந்த பையை அந்த அம்மாவிடமே கொடுத்தார். அவர் எதற்கு என்று கேட்பதற்குள் தெருவில் இறங்கிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. மாமியார் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். வெயில் முகத்தில் அடித்தும் நகரவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார், இத்தனை வருடத்தில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. ஊர் நெருங்கும் சமயத்தில், வெளியே பார்த்தபடியே கேட்டார்.

"அந்தம்மாவுக்குப் பேரு என்ன?"

சொன்னேன். எங்கள் வீட்டில் யாரும் அதுவரை அந்தப் பெயரை உச்சரித்ததில்லை. வேதக்காரப் பெயர், மாமியாருக்கு அது வாயில் சரியாக வரவில்லை. இன்னொரு தடவை சொல்லு என்றார். சொன்னேன். பஸ் நிற்கும்வரை அவர் அதைத் தனக்குள் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.